நீர்வழியே சாந்தோமுக்கு

திருப்பதி என்ற பெயரைக் கேட்ட அளவில் நம் மனக்கண்முன் எழுவன ஏழு மலைகளும், படிவழியும், கோவிந்த நாமம் முழங்க ஏறிச் செல்லும் யாத்திரிகர் கூட்டமுமே ஆகும். படகு என்ற ஒன்றை அவ்வூரோடு சேர்த்து எண்ணுவார் எவரும் இலர். சந்திரகிரிக் குன்றுகளை ஒட்டிப் பிறந்து, திருச்சானூரையும் திருக்காளத்தியையும் தழுவிக் கடல் நோக்கிச் செல்லும் சுவர்ணமுகி ஆறு, ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே காட்சி அளிக்கிறது. அதில் படகு விடுவது இயலாத காரியம். ஆயினும், 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திருப்பதி தனி மாவட்டமாக அமைக்கப்பெற்றபோது, சூளூர்ப்பேட்டைப் பகுதியும் அதனோடு சேர்க்கப்பட்டது. அதன் பயனாக, மலைக்குப் பெயர்போன இம்மாவட்டத்துக்குப் பழவேற்காட்டு ஏரியின் பெரும்பரப்பும், ஸ்ரீஹரிகோட்டாத் தீவும், அவற்றை ஒட்டிச் செல்லும் பழைய படகுக் கால்வாயும் உரியவை ஆயின.

அந்தக் கால்வாயில் ஒரு காலத்தில் தோணி ஏறியவன் தெற்கு நோக்கிச் சென்றால், சில நாட்களில் சென்னை மயிலாப்பூரை அடையலாம். ஒருபுறம் கபாலீசுவரர் கோபுரமும் மற்றொருபுறம் சாந்தோம் பேராலயத்தின் கூர்ங்கோபுரமும் நிற்கும் ஊர் அது. ஆயரின் ஆசனம் அமைந்த தலைமைக் கோயிலைக் கிறிஸ்தவர்கள் கதீட்ரல் என்று வழங்குகின்றனர். தமிழில் பேராலயம் என்கிறோம். நமது கரையில் அத்தகைய பேராலயமுடைய பழம்பெரும் நகரங்களுள் சாந்தோம் முதன்மையானது. அவ்வூருக்கு நீர்வழி எவ்வாறு ஏற்பட்டது, எவரால் வெட்டப்பட்டது, எவ்வாறு மறைந்தது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

இங்கிலாந்து நாட்டில் பேராலய நகரங்கள் பலவும் ஆற்றங்கரையில் அமைந்தவை. அவற்றுள் ஈலி என்னும் சிறு நகரம் குறிப்பிடத்தக்கது. சுற்றிலும் சதுப்பு நிலம் சூழ, நடுவே தீவுபோல் உயர்ந்த மேட்டில் 1083-ஆம் ஆண்டில் அதன் பேராலயம் எழத் தொடங்கியது. அதற்கு வேண்டிய கல் தொலைவிலுள்ள சுரங்கங்களிலிருந்து படகுகளில் வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் சதுப்புகள் வடிக்கப்பட்டு வயல்களாக மாறிய பின்னரும், ஆற்றுவழியே வருவோருக்கு அப்பேராலயம் நெடுந்தொலைவிலேயே தெரியும். தட்டையான நிலப்பரப்பின்மேல் மிதந்து வரும் மரக்கலம் போல அது தோன்றுவதால், சதுப்பு நிலத்தின் கப்பல் என்றே அதனை அந்நாட்டவர் அழைக்கின்றனர். பாரமான பொருளைச் சக்கரத்தில் ஏற்றுவதைக் காட்டிலும் நீரில் மிதக்க விடுவது எளிது என்ற உண்மையே, அந்நகரங்களையும் ஆறுகளையும் பிணைத்தது. நம் நாட்டிலும் அதே உண்மை வேலை செய்தது. ஆனால் நமது கரையின் இயல்பு வேறு.

மயிலாப்பூரின் பழமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. திருஞானசம்பந்தர் பூம்பாவையை எழுப்பிய தலம் என்று சைவ உலகம் அதனைப் போற்றுகிறது. இயேசுநாதரின் சீடராகிய தோமையார் இவ்வூரருகே உயிர் நீத்து இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பது கிறிஸ்தவர்களின் நெடுநாள் மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அக்கல்லறையைக் குறித்து எழுதியிருக்கிறார். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் ஒருங்கே அவ்விடத்துக்கு யாத்திரை வந்தனர் என்றும், அங்குள்ள மண்ணை நோய் தீர்க்கும் மருந்தாக எடுத்துச் சென்றனர் என்றும் அவர் கூறுகிறார். மேலும் ஒரு செய்தியையும் அவர் சொல்லத் தவறவில்லை. அது சிற்றூர், வாணிபச் சரக்கு அங்கு அதிகம் இல்லை, அதனை அடைவதும் எளிதன்று, ஆகையால் வணிகர் மிகுதியாக வருவதில்லை என்பதே அது. புகழ் பெரிது, வழி அரிது என்னும் நிலை அன்றே இருந்தது.

பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துகேசியர் அங்கே குடியேறினர். 1523-ஆம் ஆண்டையொட்டிக் கல்லறையின்மேல் கோயில் எழுப்பினர். ஊருக்கும் சாந்தோம் என்று பெயரிட்டனர். 1606-இல் அது ஓர் ஆயரின் தலைமை இடமாகவும் உயர்ந்தது. கபாலீசுவரரின் பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது என்றும், அது அழிந்தபின் இன்றுள்ள இடத்தில் புதிய கோயில் எழுந்தது என்றும் மரபு வழங்குகிறது. பேராலய வளாகத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளை அதற்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். ஓர் ஊரின் ஒரே கடற்கரையில் இரு சமயங்களின் நினைவுகள் இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன.

இனி, இக்கடற்கரை ஊருக்கும் திருப்பதி வட்டாரத்துக்கும் இருந்த தொடர்பைக் காண்போம். 1565-ஆம் ஆண்டில் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தபின், ஆரவீட்டு மரபினர் பெனுகொண்டாவிலும், பிறகு திருப்பதியை அடுத்த சந்திரகிரியிலும், வேலூரிலும் இருந்து ஆண்டனர். அவர்களுள் தலைசிறந்தவர் இரண்டாம் வேங்கடபதி தேவராயர். 1586 முதல் 1614 வரை அவர் ஆட்சி நடைபெற்றது. திருமலைக் கோயிலில் கைகுவித்து நிற்கும் அவரது செப்புத் திருவுருவை இன்றும் காணலாம். கடற்கரையில் குடியேறிய அயல்நாட்டார் அனைவரும் அனுமதி வேண்டி அண்ணாந்து பார்த்தது இம்மன்னரின் அரசவையைத்தான்.

1598-ஆம் ஆண்டில் சாந்தோமிலிருந்து இயேசு சபைத் துறவிகள் புறப்பட்டுச் சந்திரகிரிக்கு வந்தனர். சாந்தோம் கல்லூரியின் தலைவராக இருந்த சீமோன் தே சா அவர்களுள் ஒருவர். மன்னர் அவர்களை அன்புடன் ஏற்றுச் சமயப் பணிக்கு இசைவு அளித்தார். பத்தாண்டுகளுக்கு மேல் அத்துறவிகள் அவரது ஆதரவில் இயங்கினர். அவர்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் சந்திரகிரியோடு திருப்பதியின் பெயரும் இடம்பெற்றது. திருவேங்கடமுடையானிடம் ஆழ்ந்த பக்தி பூண்ட ஒரு மன்னர், கடற்கரையிலிருந்து வந்த வேற்றுச் சமயத் துறவிகளுக்கு அவையில் இடமளித்தார் என்பது, நாம் நினைவில் வைக்கத்தக்க செய்தி ஆகும். பேராலய நகரும் மலைநகரும் அவர் அவையில்தான் முதன்முதலாக நேருக்கு நேர் சந்தித்தன எனலாம்.

அடுத்து வந்தவர் டச்சுக்காரர். 1610-இல் அதே மன்னரிடமிருந்து பழவேற்காட்டில் தங்க உரிமை பெற்றனர். சாந்தோமில் இருந்த போர்த்துகேசியர் இதனைப் பொறுக்கவில்லை. 1612-இல் பழவேற்காட்டைத் தாக்கினர். டச்சுக்காரர் மறு ஆண்டே கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்துத் தம்மைக் காத்துக்கொண்டனர். 1690-ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடம் மாறும்வரையில், சோழமண்டலக் கரையில் அவர்களது வாணிபம் முழுவதும் பழவேற்காட்டிலிருந்தே நடத்தப்பட்டது. இங்கு நெய்த துணி கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றது. துணியோடு மனிதரும் சென்றனர். பஞ்சக் காலங்களில் பசி பொறாது தம்மையும் தம் மக்களையும் விற்ற ஏழைகள், அடிமைகளாகக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர். பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில், சிற்ப வேலைப்பாடு மிகுந்த கல்லறைகளின்மீது வணிகர்களின் பெயர்களும் பட்டங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஏற்றுமதியான ஏழைகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பஞ்சத்துக்கும் இக்கரைக்கும் உள்ள உறவு, பின்னரும் ஒருமுறை நம் கதையில் வரப்போகிறது.

சாந்தோமும், பழவேற்காடும், பின்னர் 1639-இல் ஆங்கிலேயர் பெற்ற சென்னைப்பட்டினமும் ஆகிய மூன்று ஊர்களுமே நல்ல துறைமுகம் அற்றவை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். அலை மோதும் கரைக்கும் கப்பலுக்கும் இடையே, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே பொருளையும் ஆளையும் சுமந்தன. புயற்காலத்தில் அதுவும் நின்றுவிடும். ஆனால் மணல்மேட்டுக்கு இப்புறம், கடலுக்கு இணையாக, அமைதியான உப்பங்கழிகள் வரிசையாகக் கிடந்தன. வடக்கே பழவேற்காட்டு ஏரி. அதற்குத் தெற்கே எண்ணூர்க் கழி. அதற்கும் தெற்கே கூவம், அடையாறு ஆகியவற்றின் முகத்துவாரங்கள். பின்னர்க் கோவளம், மாமல்லபுரம் பக்கத்துக் கழிகள். இடையிலுள்ள மேட்டுநிலத்தை வெட்டி இவற்றைக் கோத்துவிட்டால், கடலின் சீற்றத்துக்கு அஞ்சாத ஒரு நெடுவழி கிடைக்கும். இயற்கை முக்கால் வேலையை முடித்து வைத்திருந்தது. மீதியை மனிதன் செய்யவேண்டியிருந்தது.

அதனை முதலில் தொடங்கியவர் பேசில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்திலிருந்து ஒப்பந்த வேலைகளில் இறங்கிய அவர், 1801-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்ட உரிமை பெற்றார். 1806-இல் அது முடிவுற்றது. நீளம் ஏறத்தாழ 11 மைல். படகுகளிடம் சுங்கம் வாங்கி அவர் இலாபம் ஈட்டினார். 1837-இல் அரசாங்கம் அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பிறகு படிப்படியாக வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கு அப்பாலும், தெற்கே அடையாற்றுக்கு அப்பாலும் கால்வாய் நீண்டது.

இவ்வழியே வந்தவை அரசர்க்குரிய பொருள்கள் அல்ல. அன்றாடம் அடுப்பெரிய வேண்டியவை. ஸ்ரீஹரிகோட்டாக் காடுகளில் வெட்டிய விறகு, சென்னை நகரத்தின் சமையற்கட்டுகளுக்கு வந்தது. அக்காடுகளில் வாழ்ந்து, தேனும் மூலிகையும் சேர்த்தவர் யானாதி மக்கள். கரையோர அளங்களில் விளைந்த உப்பும், சுண்ணாம்பு சுடுவதற்கான கிளிஞ்சலும், கருவாடும், வடக்கேயிருந்து நெல்லும் வந்தன. படகுகள் வந்து தங்கிய நீர்த்தேக்கத்துக்கு ஆங்கிலத்தில் பேசின் என்று பெயர்; அதன் அருகே எழுந்த பாலமே இன்றைய பேசின் பிரிட்ஜ். படகில் வந்த உப்பைக் குவித்துவைத்த கொட்டாரங்களே, இன்று இரயில்வே சரக்கு நிலையமாக உள்ள சால்ட் கொட்டார்ஸ் என்ற இடத்துக்குப் பெயர் தந்தன. நாள்தோறும் அவ்வழியே இரயிலில் செல்வோருள், தாம் ஒரு பழைய படகுத்துறையைக் கடக்கிறோம் என்று எண்ணுவோர் மிகச் சிலரே.

கடல்நீர் ஏறி இறங்கும் கால்வாய் ஆகையால், ஆறுகளைக் கடக்கும் இடங்களில் நீர்மட்டம் ஒத்திராது. அவ்விடங்களில் இரு கதவுகளுக்கிடையே ஒரு தொட்டி அமைத்திருந்தனர். ஆங்கிலத்தில் லாக் என்று பெயர். ஆந்திரக் கரையோரத்தில் லாக்கு என்றே மக்கள் வழங்குவர். படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை அடைப்பர். மதகைத் திறந்து, முன்னேயுள்ள நீரின் மட்டத்துக்குத் தொட்டிநீர் சமமாகும்வரை ஏற்றுவர் அல்லது இறக்குவர். பிறகு முன்கதவு திறக்கும், படகு வெளியேறும். காற்று வாய்த்தால் பாய் விரிப்பர். இல்லையேல் கழி ஊன்றித் தள்ளுவர். அல்லது ஆட்கள் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் மாட்டி இழுத்துச் செல்வர். பொறியின் துணையின்றி மனிதத் தசையாலேயே இயங்கிய வழி அது.

எனினும் ஒரு குறை இருந்தது. வடபகுதிக் கால்வாயும் தென்பகுதிக் கால்வாயும் சென்னை நகரத்துக்குள் ஒன்றோடொன்று சேரவில்லை. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே, திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் அமைந்த நிலத்தில், ஏறத்தாழ 5 மைல் தொலைவு வெட்டப்படாமல் கிடந்தது. அதாவது, வடக்கேயிருந்து வரும் தோணிக்கு மயிலாப்பூர் இன்னும் எட்டாத ஊராகவே இருந்தது. மார்க்கோ போலோ சொன்ன குறை அறுநூறு ஆண்டுகளாகியும் தீரவில்லை. அதனைத் தீர்த்தது ஒரு கொடிய பஞ்சம்.

1876-இல் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று தமிழ்நாட்டு மூதாட்டியர் நெடுங்காலம் நடுக்கத்தோடு சொல்லிவந்த பஞ்சம் அதுவே. அந்நாளில் வட ஆர்க்காடு மாவட்டத்துக்குச் சித்தூரே தலைமையிடம். திருப்பதியும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. இப்பகுதி வறட்சிக்கு இயல்பாகவே ஆளானது. இங்கும், செங்கற்பட்டு, நெல்லூர், இராயலசீமைப் பகுதிகளிலும் பயிர் கருகியது, மாடு மடிந்தது, மக்கள் ஊரைத் துறந்து சாலைகளில் இறங்கினர். அவர்களுள் பலர் சென்னையை நோக்கி நடந்தனர். தென்னிந்தியாவில் அப்பஞ்சத்துக்கு இரையானோர் தொகையைப் பலரும் பலவாறு கணித்துள்ளனர். ஐம்பது இலட்சத்துக்குக் குறையாது என்பதில் பெரும்பாலோர் உடன்படுகின்றனர்.

அரசாங்கம் பஞ்ச நிவாரண வேலைகளைத் திறந்தது. 1877-இன் தொடக்கத்தில் அவற்றைப் பார்வையிட வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், செலவைச் சுருக்க விரும்பினார். நாள் முழுவதும் உழைக்கும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் விதித்தார். ஒரு பவுண்டு என்பது 450 கிராம் அளவே ஆகும். பெண்டிருக்கும் சிறுவருக்கும் அதனினும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ், இவ்வுணவு உழைப்போரை மெல்லக் கொல்லும் என்று எழுத்து மூலம் எதிர்த்தார். கூலியைக் கண்டித்து வேலையாட்கள் வேலைக்களத்தைவிட்டு வெளியேறியதும் உண்டு. சில மாதங்களுக்குப் பின்னரே சென்னை மாகாணத்தில் படி ஓரளவு உயர்த்தப்பட்டது.

இந்தப் பஞ்ச நிவாரண வேலைகளுள் ஒன்றாகவே 1877, 1878 ஆகிய ஆண்டுகளில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய் வெட்டப்பட்டது. அதற்கு முப்பது இலட்சம் ரூபாய் அளவில் செலவாயிற்று. மண்வெட்டியும் கூடையும் ஏந்தி, பசித்த வயிற்றோடு ஆணும் பெண்ணும் வெட்டிய வெட்டு அது. அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. அவர் பெயரே புதிய வெட்டுக்கும், நாளடைவில் முழுக் கால்வாய்க்கும் சூட்டப்பட்டது. மண் சுமந்தோரின் பெயர்ப்பட்டியல் எங்கும் இல்லை. பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் நாம் கண்ட வழக்கமே இங்கும் கடைப்பிடிக்கப்பட்டது.

இதன்பின் வேலை விரைந்தது. 1882 அளவில் வடக்கே பெத்தகஞ்சாம் வரை கால்வாய் எட்டி, கிருஷ்ணா ஆற்றுக் கால்வாய்களோடு இணைந்தது. கோதாவரியிலும் கிருஷ்ணாவிலும் சர் ஆர்தர் காட்டனின் திட்டப்படி அமைந்த அணைகளையும் கால்வாய்களையும் சார்ந்து, காக்கிநாடாவிலிருந்து சென்னைவரை உள்நாட்டு நீரிலேயே வரும் வாய்ப்பு உண்டாயிற்று. தெற்கே மரக்காணம் வரை வழி திறந்திருந்தது. பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை பக்கிங்காம் கால்வாயின் நீளம் 420 கிலோமீட்டர். இன்றைய எல்லைப்படி, அதில் 257 கிலோமீட்டர் ஆந்திரப் பிரதேசத்திலும் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன.

இவ்வழியே தெற்கு நோக்கி வந்த தோணி கடந்த இடங்களை நிலப்படத்தின் துணைகொண்டு நாம் பின்தொடரலாம். இடப்புறம் ஸ்ரீஹரிகோட்டாவின் காடு. வலப்புறம் பூநாரைகள் கூட்டங் கூட்டமாக நிற்கும் ஏரிப்பரப்பு. பிறகு பழவேற்காட்டுக் கோட்டையின் இடிபாடு, காட்டுப்பள்ளி மணல், எண்ணூரின் உப்பளங்கள். அதன்பின் நகரத்தின் ஓசை தொடங்கும். பேசினைக் கடந்து, சென்ட்ரல் நிலையத்தின் பக்கமாகக் கூவத்தை அடைந்து, அதனைத் தாண்டிப் பஞ்சத்தில் வெட்டிய பகுதிக்குள் தோணி நுழையும். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, அதன்பின் மயிலாப்பூர். துறையில் இறங்கிக் கிழக்கே கடலை நோக்கி நடந்தால், முதலில் கபாலீசுவரரின் திருக்குளமும் கோயிலும், அதற்கப்பால் சாந்தோம். முன்னாளில் சந்திரகிரியோடும் பழவேற்காட்டோடும் கடிதத்தாலும் வாளாலும் உறவாடிய அந்த ஊர், இப்போது விறகுத் தோணி வந்து நிற்கும் அண்டை ஊராயிற்று.

கால்வாய் இணைந்த காலத்துக்குப் பிறகே இன்று நாம் காணும் மயிலையின் இரு பெரும் அடையாளங்களும் எழுந்தன என்பது கருதத்தக்கது. போர்த்துகேசியரின் பழைய கோயிலை அகற்றி, 1893-இல் தொடங்கிய கோதிக் பாணிப் பேராலயம் 1896-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் கூர்ங்கோபுரம் ஏறத்தாழ 155 அடி உயரம் உடையது. பத்து ஆண்டுகள் கழித்து, 1906-இல், கபாலீசுவரர் கோயிலின் கிழக்கு இராசகோபுரம் ஏறத்தாழ 120 அடி உயரத்துக்கு எழுந்தது. சாந்தோம் பேராலயத்துக்கு 1956-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் பசிலிக்கா என்ற சிறப்பு நிலையை வழங்கினார். 

சென்னையிலிருந்து தெற்கே மாமல்லபுரத்துக்குச் செல்லவும் அறிஞர்களும் கலை ஆர்வலர்களும் இக்கால்வாயையே நாடினர். மாலையில் தோணி ஏறி, இரவு முழுவதும் பயணம் செய்து, விடியற்காலையில் கற்கோயில்களைக் காண்பது வழக்கமாயிருந்தது. பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களோடு சென்ற அத்தகைய ஒரு படகுப் பயணமே ‘மாவலிபுரச் செலவு’ என்ற அவரது பாட்டுக்குப் பொருளாயிற்று. கால்வாய் பாழானாலும் அப்பாட்டு அதனைக் காத்துவருகிறது.

கால்வாய் பாழானது ஒரே நாளில் நேர்ந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்குக் கரையோரமாக இருப்புப்பாதை அமைந்தது. மூன்று நாட் பயணம் சில மணி நேரமாகக் குறைந்தது. பின்னர் லாரிகள் வந்தன. 1965, 1966-ஆம் ஆண்டுப் புயல்களும் 1976-ஆம் ஆண்டுப் புயலும் கரைகளை உடைத்து மணலை நிரப்பின. 1969-இல் ஸ்ரீஹரிகோட்டா விண்வெளித் தளத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. விறகுத் தோணிகள் புறப்பட்ட தீவிலிருந்து இன்று செயற்கைக்கோள்கள் புறப்படுகின்றன. சென்னை நகருக்குள்ளோ, கால்வாய் கழிவுநீர் ஓடும் வழியாயிற்று. 1995-இல் சேப்பாக்கம் வரையிலும் 1997-இல் திருமயிலை வரையிலும் ஓடத் தொடங்கிய பறக்கும் இரயிலுக்கான தூண்கள், கால்வாயின் படுகையிலேயே நாட்டப்பட்டன. மயிலைக்கு விரைந்து செல்லும் புதிய வழி, பழைய வழியின் மார்பின்மேல் கால் ஊன்றி நிற்கிறது.

இவற்றுக்கெல்லாம் காலத்தின் போக்கே காரணம் என்று கூறி அமைதி அடைதல் எளிது. இருப்புப்பாதையும் சாலையும் வேண்டாம் என்று எவரும் சொல்லார். ஆனால் பயன் குறைந்த பொருளைப் பேணாமல் விடுவது வேறு. அதனைக் குப்பைத் தொட்டியாக்குவது வேறு. இரண்டாவதைச் செய்தோம் நாம். அதன் விளைவை, பெருமழை பெய்யும் ஆண்டுகளில் வெள்ளம் வடிய வழியின்றிக் கரையோரக் குடிசைகளில் வாழும் மக்களே முதலில் அனுபவிக்கின்றனர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, கரைக்கு இணையாகக் கிடந்த இக்கால்வாய் நெடுந்தொலைவுக்குப் பேரலையின் நீரை வாங்கிக்கொண்டு, அப்பாலிருந்த ஊர்களுக்கு வந்த வேகத்தைத் தணித்தது. நாம் கைவிட்ட பின்னரும் அது நம்மைக் கைவிடவில்லை.

2008-இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான நீர்வழி, நான்காம் எண் தேசிய நீர்வழியாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வேறு, படகு ஓடுவது வேறு என்பதை இத்தனை ஆண்டுகள் காட்டிவிட்டன. ஆயினும் மீட்பு இயலாதது என்று சொல்வதற்கில்லை. இங்கிலாந்திலும் இருப்புப்பாதை வந்தபின் கால்வாய்கள் தூர்ந்தன. 1946-ஆம் ஆண்டில் அங்கு உள்நாட்டு நீர்வழிச் சங்கம் ஒன்று தோன்றியது. பொதுமக்களே சேற்றில் இறங்கி, ஒவ்வொரு நீர்க்கதவாகப் பழுது பார்த்தனர். இலண்டன் பக்கத்துத் தேம்ஸ் ஆற்றையும் மேற்குக் கடற்கரையையும் இணைக்கும் கென்னட்-ஏவன் கால்வாய், பல்லாண்டு உழைப்புக்குப் பின் 1990-இல் மீண்டும் திறக்கப்பட்டது. சரக்கு ஏற்றுவதற்காக இன்று எவரும் அதனை நாடுவதில்லை. கரையில் நடப்பதற்கும், படகில் மெல்லச் சென்று பழைய ஊர்களைக் காண்பதற்கும் மக்கள் வருகின்றனர். கரையூர்கள் அதனால் பிழைக்கின்றன.

நமது கால்வாய் செல்லும் நிலம் பல முறை எல்லை மாறியது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும், சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்கும் மாறின. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்து மக்கள் இவற்றை நன்கு அறிவர். ஏரியைப் பங்கிட்டோம், ஆனால் நீர் பங்கீட்டுக்கு உட்படாது. வடக்கே முகத்துவாரம் தூர்ந்தால் தெற்கே மீன் குறைகிறது. தெற்கே கழிவு கலந்தால் வடக்கே அதன் நாற்றம் எட்டுகிறது. ஆகையால் இக்கால்வாயைச் சீர்செய்யும் வேலை, இரு மாநிலங்களும் ஒருங்கே கைகொடுத்தால் அன்றி நிறைவேறாது.

அவ்வாறு சீர்செய்யும் நாள் வருமாயின், கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட கரையில் ஒரு கல் நாட்டுவது பொருத்தமாக இருக்கும். கவர்னரின் பெயரை அதில் மீண்டும் பொறிக்கவேண்டிய தேவை இல்லை. தாது வருடத்தில், ஒரு பவுண்டு தானியத்துக்கும் ஓர் அணாவுக்கும் கூலி மட்டுக்கட்டப்பட்ட அந்நாட்களில், பெயர் அறியப்படாத ஆண்களும் பெண்களும் இந்த 5 மைல் மண்ணை வெட்டினார்கள் என்று எழுதினால் போதும்.